திரைக்குப் பின்னால் இரண்டு தட்டு

தம்பி,

நீ அனுப்பிய கட்டம் போட்ட கோட்டு, தொப்பியோடு வந்து சேர்ந்தது. தோள் அளவு சரியாக இருக்கிறது. வயிறுதான் உள்ளே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. உங்கம்மா தொப்பியை என் தலையில் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு அப்பாவா, சர்க்கஸ்ல டிக்கெட் கிழிக்கிறவரான்னே தெரியலை" என்றாள். சிரித்தோம். அப்புறம் அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். நான் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன் கல்யாண வரவேற்பு அன்று இதைப் போட்டுக்கொண்டு உன் பக்கத்தில் நின்று பாட வேண்டும் என்கிறாய். என்னால் முடியாது. ஏன் முடியாது என்பதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் ஆரம்பித்தால் நீ "விடுப்பா, ரெஸ்ட் எடு" என்பாய். அதையே சாக்காக வைத்து நானும் விட்டுவிடுவேன். இப்படி விட்டுவிட்டுத்தான் இத்தனை வருஷம் ஓடியது.

இந்த ஒரு மாதமாக உடம்பு கெஞ்சுகிறது. பத்திரிகை வைக்க ஆவடி, அம்பத்தூர், நெமிலிச்சேரி என்று படி ஏறி இறங்கியதில் முழங்கால் இரண்டும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டன. ஆனால் நான் சொல்லும் அலுப்பு அது இல்லை. போகிற வீட்டிலெல்லாம் பத்திரிகையைப் பிரிப்பதற்கு முன்னாலேயே நீ நெட்டில் போட்டிருக்கும் பாட்டைப் பற்றித்தான் பேச்சு. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலையில் நடக்கப் போனால், எனக்கு முன்னால் நடக்கிறவரின் போனிலிருந்தும் அதுதான் வருகிறது. ஆர்மோனியம், தபலா, ஜால்ரா, நடுவில் ஒரு விசில். எங்கள் காலத்து மேடைத் தமாஷ் பாட்டு மாதிரியே ஆரம்பித்து, உன் வயதுப் பிள்ளைகள் ஆடுகிற தாளத்துக்கு மெல்ல நழுவுகிறதே, அந்த இடத்தில் எனக்கே கால் தாளம் போடுகிறது. நன்றாகத்தான் செய்திருக்கிறாய். அதைச் சொல்லாமல் மேலே போனால் நான் அப்பனே இல்லை. பாட்டுக்குக் கீழே நீ எழுதியிருக்கிற வரிதான் என்னை உறுத்துகிறது: "இதையெல்லாம் எழுதி, மேடையில் பாடி, ஊரைச் சிரிக்க வைத்த என் அப்பாவுக்கு." தம்பி, நான் பாடினேன். எழுதவில்லை. அது மட்டுமாக இருந்தால் ஒரு வரியில் திருத்திவிடலாம். அதற்கு மேலும் இருக்கிறது.

போன ஞாயிறு மாதா கோயிலில் உனக்கும் நிவேதாவுக்கும் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் வழக்கம்போல வாசித்தார். உன் கல்யாணத்துக்கு என்ன தடை? ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்கு எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா சொன்னதில்லை. உங்கம்மா என் முழங்கையைத் தொட்டு, "இன்னா, கால் வலிக்குதா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

நான் உனக்குச் சொன்ன நாடகக் கதைகளில் பாதிதான் உனக்குத் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுவோம். காட்சி மாற்றத் திரையை மூடினால் ஜனம் டீ குடிக்க எழுந்துவிடும்; எழுந்தவர்களில் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். அதனால் திரைக்கு முன்னால், இரண்டடி அகலத்தில், ஒரு ஆள் நின்று தமாஷ் பாட்டுப் பாடி அவர்களைப் பிடித்து வைக்க வேண்டும். அந்த ஆள் நான். கட்டம் போட்ட கோட்டு, தொப்பி, கையில் ஒரு குடை. பின்னால் செட் தயாரானதும் ஒரு பலகையில் இரண்டு தட்டு விழும். அதுவரை எந்தச் சரணத்தை வேண்டுமானாலும் திரும்பப் பாடலாம், இழுக்கலாம், நடுவில் நின்று கதை அளக்கலாம். கடைசிச் சரணத்தை மட்டும் தொடக்கூடாது. தட்டு விழுந்த பிறகுதான் கடைசிச் சரணம். அதன் கடைசிச் சொல்லில் திரை விலகும். தட்டுக்கு முன்னால் பாடி முடித்துவிட்டால் திரை மூடியே கிடக்கும், பாடினவன் அசடு வழிய நிற்க வேண்டியதுதான். வீட்டில் நீ சாப்பிடும்போது பேச்சை இழுத்துக்கொண்டே போனால் நான் மேஜையில் விரலால் இரண்டு தட்டுவேனே, நீயும் சட்டென்று கதையை முடித்துவிட்டுக் கை கழுவ ஓடுவாயே, அது அந்த மேடையிலிருந்து வந்த பழக்கம்.

தட்டுகிறவரின் பெயரை மட்டும் நான் உன்னிடம் சொன்னதே இல்லை. "பின்னால ஒருத்தர் செட் மாத்துவாரு" என்று சொல்லிக் கதையைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். அவர் பெயர் ரஹீம். பூந்தமல்லிக்காரர். தொழிற்சாலையில் நான் இருந்த அதே ஷாப்பில், அதே பிரிவில், ஃபிட்டர்; என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கீல் வைத்த பிளைவுட் பலகைகள் செய்திருந்தார்; ஒரு பக்கம் வீடு, திருப்பினால் ரயில்வே பிளாட்பாரம். நான் பாடிய பாட்டுகள் அத்தனையும் அவர் எழுதியவை. கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டே எழுதுவார்.

"பஸ்ஸு வருதுன்னு ஓடினேன், அது பாதியில நின்னுபோச்சு;
சாம்பாரு வருதுன்னு குந்தினேன், பருப்பு லீவுல போயிடுச்சு."

பரணில் கிடந்த கேசட்டிலிருந்து எடுத்து நீ உன் பாட்டின் தொடக்கத்தில் வைத்திருக்கிறாயே, அதே வரிகள். குரல் என்னுடையது, சொல் அவருடையது. அதற்கு அப்புறம் கேட்கும் இரண்டு தட்டை எடுத்துப் பாட்டு முழுக்கத் தாளமாகவே போட்டுவிட்டாய். அது ரஹீம் பாயின் கை. ஆறு வருஷம் எனக்காகத் தட்டினார். ஒரு தடவைகூட முந்தியதில்லை, பிந்தியதில்லை.

அவருக்குப் பேச்சு திக்கும். ரஹீம் டீ கேட்டு முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்று ஷாப்பில் கேலி பேசுவார்கள், நானும் பேசியிருக்கிறேன். ஆனால் பாடினால் ஒரு எழுத்தில்கூட நிற்கமாட்டார். எப்படி என்று அவருக்கே தெரியாது. அவர் இப்படிப் பாடுவார் என்பது எனக்கே ஒத்திகையில்தான் தெரிந்தது; வேறு யாருக்கும் தெரியாது.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும். அந்த ஆண்டு விழாவுக்கு முன்னால் ரஹீம் பாய் என்னைத் தனியாக அழைத்துப் போனார். "வாத்யாரே, இந்த தபா கடசிப் பாட்ட நான் பாடிக்கிறேன். பொண்ணு பேசிக்கினு கீறாங்க. பொண்ணோட அண்ணனுங்க நாடகம் பாக்க வர்றாங்க. பேசச் சொன்னா நான் மாட்டிக்குவேன். பாடினா பாத்துக்கட்டும்." இதைச் சொல்லி முடிக்க அவருக்கு டீ இடைவேளை முழுவதும் ஆனது. "அதுக்கின்னா பாய், ஜமாய்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஒரு வாரம் எனக்குப் பலகை திருப்பக் கற்றுக்கொடுத்தார். அந்த நாளுக்கென்றே புதுப் பாட்டு எழுதினார். மூன்று சரணத்தை எனக்குப் பாடிக் காட்டினார். நாலாவதைக் கேட்டபோது சிரித்துக்கொண்டே, "அத்த நீ தட்டினப்புறம் கேட்டுக்கோ" என்றார்.

அன்றைக்கு என் கோட்டைத்தான் போட்டுக்கொண்டார். கை அவருக்கு நீளம். விரல் நுனிதான் வெளியே தெரிந்தது. முதல் வரிக்கு ஒரு சத்தமும் இல்லை. இரண்டாவது வரிக்குப் பந்தலே கிழிந்ததுபோல ஒரு சிரிப்பு. நான் திரைக்குப் பின்னால் பலகைகளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஆறு வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு விசில் விழுந்ததில்லை. கூட்டத்திலிருந்து யாரோ கத்தினார்கள்: "இவன இத்தினி நாளா எங்கடா ஒளிச்சி வெச்சினு இருந்தீங்க?" அது என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இரண்டாவது சரணம் முடிவதற்குள் பிளாட்பாரம் தயார். கையில் கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டேன். தச்சர்கள் வைத்திருக்கும் மரச்சுத்தியல்தான். மூன்றாவது சரணம் முடிந்தது. திரைக்குக் கீழே அவர் செருப்பு தெரிந்தது. அது லேசாக என் பக்கம் திரும்பியது.

நான் தட்டவில்லை.

அவர் முதல் சரணத்தைத் திரும்பப் பாடினார். சிரித்தார்கள். இரண்டாவதைத் திரும்பப் பாடினார். சிரிப்பு குறைந்தது. மூன்றாவதுக்கு யாரோ கொட்டாவி விட்டார்கள். இனி கதை அளந்துதான் ஓட்ட வேண்டும். பேச வாயைத் திறந்தார். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. முன்வரிசையில் ஒருவன் அதே மாதிரி திக்கிக் காட்டினான். பிறகு பந்தல் முழுக்கச் சிரிப்பு. இது வேறு சிரிப்பு. பயத்தில் கை உறைந்துவிட்டது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய், தம்பி. அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு நான் நின்றேன். கடைசியில் டைரக்டரே ஓடிவந்து திரைக் கயிற்றை இழுத்தார். ரஹீம் பாய் குடையை மேடையில் வைத்துவிட்டு, கூட்டத்துக்கு நடுவிலேயே இறங்கி நடந்து போய்விட்டார். "ஏன்யா தட்டலை?" என்று டைரக்டர் கேட்டார். "பலகை மாட்டிக்கிச்சு சார், செட்டு இப்பத்தான் ரெடியாச்சு." என்றேன். எல்லோரும் நம்பினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்கம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "கட்டை உங்க கையிலதானே இருந்துது?" நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் கேட்டதே இல்லை.

அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. இதனால்தானா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்காததால் தெரியாது என்று நிம்மதியாக இருந்துகொண்டேன். ரஹீம் பாய் அடுத்த வாரமே வேலைக்கு வந்தார். அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் ஒரே ஷாப்பில் இருந்தோம். டீ டம்ளரை நகர்த்தி வைப்பார், ஸ்பேனர் கேட்டால் எடுத்துக் கொடுப்பார். பாட்டு மட்டும் எழுதவில்லை. நான் வெட்கமில்லாமல் அவருடைய பழைய பாட்டுகளை இன்னும் இரண்டு வருஷம் பாடினேன். பிறகு நாடகமே நின்றுபோனது. அப்புறம் நீ பிறந்தாய். கேட்க ஒரு ஆள் கிடைத்ததும் என்னைக் கதாநாயகனாக வைத்துக் கதை சொல்ல ஆரம்பித்தேன். அந்தக் கதையை நம்பித்தான் நீ இந்தப் பாட்டைச் செய்திருக்கிறாய்.

இதை உன் கல்யாணச் சமயத்தில் எதற்குச் சொல்கிறேன்? காரணம் இருக்கிறது. போன மாதம் நீங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தபோது, பாட்டுக்கு வந்திருந்த கருத்துகளை நிவேதா சத்தமாகப் படித்துக் காட்டினாள். "அந்தப் பொண்ணு பாடுற இடம்தான் பாட்டே" என்று அவள் பாடிய பகுதியைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். எல்லோரும் சிரித்தோம். நீ ஒரு நொடி பிந்திச் சிரித்தாய். சிரித்துவிட்டு, பக்கத்தில் தண்ணீர் இருக்கும்போதே அம்மாவிடம் தண்ணீர் கேட்டாய். வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கவனித்தேன், ஏனென்றால் அது என் முகம். உன்னைத் திட்டவில்லை. பொறாமை கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை. அது வந்ததற்காக உன்மேல் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் ஒரே மேடையில் நிற்கப் போகிறவர்கள், ஒரே வீட்டிலும் இருக்கப் போகிறவர்கள். அவளுக்கு உன்னைவிடப் பெரிய கைதட்டல் விழுகிற நாள் வரும். அன்று அவள் உன் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். நீ செய்ய வேண்டியது சின்ன காரியமாகத்தான் இருக்கும். நல்லாயிருந்தது என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தையை அடக்கி வைத்துக்கொண்டு நிற்காதே. ஒரு நிமிஷம் அடக்கி வைத்ததை நான் நாற்பது வருஷமாகச் சுமக்கிறேன். சலித்துவிட்டது, தம்பி.

பத்திரிகை வைக்க வேண்டியவர்கள் பட்டியலில் உங்கம்மா தன் கையெழுத்தில் ஒரு பெயர் சேர்த்திருந்தாள். ரஹீம் பாய், பூந்தமல்லி. பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். முந்தாநாள் பஸ் பிடித்துப் போனேன். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். பாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்; மெலிந்துவிட்டார், தாடி முழுக்க வெள்ளை. இப்போதும் பேச்சு திக்குகிறது. நான் இங்கே நேராக எழுதுகிறேன், நீ நடுநடுவே நின்று படித்துக்கொள்.

"வா வாத்யாரே, குந்து. உன் புள்ள பாட்டு கேட்டேன். பேத்தி போட்டுக் காட்டுச்சு. சோக்கா கீது."

நான் பத்திரிகையைக் கொடுத்தேன். வாங்கித் தடவிப் பார்த்தார்.

"அதுல தட்டுறது நான்தானே?"

"ஆமா பாய்."

"கேட்ட ஒடனே தெரிஞ்சிது."

கையில் இருந்த டீயை டீப்பாய்மேல் வைத்துவிட்டுச் சொன்னேன். "பாய், அன்னைக்கி செட்டு ரெடியாத்தான் இருந்துச்சு."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அன்னைக்கே. பலக திரும்புற சத்தம் எனக்குத் தெரியாதா? நான் செஞ்ச பலக."

செட் தயார் என்று தெரிந்துதான் அவர் அங்கே நின்று முதல் சரணத்தைத் திரும்பப் பாடியிருக்கிறார், நான் தட்டுவேன் என்று. "அப்போ கடைசிச் சரணத்தப் பாடி முடிச்சிருக்கலாமே பாய்" என்றேன்.

"தட்டாம எப்டிப் பாடுறது?" என்று என்னைத்தான் வினோதமாகப் பார்த்தார்.

அவர் மனைவி பிஸ்கட் தட்டோடு வந்தார். பாய் அவரைக் காட்டி, "அந்தப் பொண்ணு போனதுக்கு நான் அழல. அதனாலதான் இவ வந்தா" என்றார். அந்த அம்மா, "ஆமா, வந்து நான் கண்ட சொகம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பாய் சிரித்தார். சிரித்து முடித்தபின், "பாட்டு போச்சு பாரு" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. அது திக்கல் இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். கையை அசைத்து, "அத்த வுடு. சொல்லிட்டே இல்ல" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொன்னதாக நானும் உன்னிடம் கதை கட்டமாட்டேன். கிளம்பும்போதுதான் கேட்டேன், "அந்த நாலாவது சரணம் ஞாபகம் இருக்கா பாய்?"

"ம்."

"இன்னா வரி அது?"

"நீ இன்னும் தட்டலியே."

நான் டீப்பாய்மேல் விரலை மடக்கினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எழுபதைத் தாண்டியவர் பிடி மாதிரியே இல்லை, ஃபிட்டர் பிடி. "இங்க இல்ல" என்றார். "மேடைல."

அதனால் கேள், தம்பி. முதலில் பாட்டுக்குக் கீழே இருக்கிற வரியை மாற்று. எழுதியவர் ரஹீம், தட்டியவர் ரஹீம் என்று போடு. அப்பா பாடினார் என்பது இருந்தால் இருக்கட்டும். உன் பாட்டு முடியாமல் அப்படியே தேய்ந்து போகிறதே, ஏன் இதற்கு முடிவு இல்லை என்று போகிற வீட்டிலெல்லாம் என்னைக் கேட்டார்கள். முடிவு பூந்தமல்லியில் இருக்கிறது. வரவேற்பு அன்று பாரிவாக்கம் மண்டபத்துக்கு அவரைக் கூட்டிவர ஒரு கார் அனுப்பு. நீயே போனால் இன்னும் நல்லது. மேடையில் எனக்கு நாற்காலி வேண்டாம், பொன்னாடை வேண்டாம். அவருக்கு ஒரு மைக் கொடு. அவர் பேசத் திணறினால் யாரும் எடுத்துக்கொடுக்க வேண்டாம் என்று உன் நண்பர்களிடம் சொல்லி வை. கோட்டை நேற்றே தையல்காரரிடம் கொடுத்துவிட்டேன், கையைக் குறைக்கச் சொல்லி. அவர் அளவு எனக்குத் தெரியும்.

மேடைக்குக் குறுக்கே ஒரு திரை மட்டும் கட்டச் சொல். பின்னால் ஒரு பலகையும் கொட்டாப்புளியும் போதும். என்னால் நிற்க முடியாது என்று உங்கம்மா சண்டைக்கு வருவாள், நான் சமாளித்துக்கொள்கிறேன். மூன்றாவது சரணம் முடியும்போது நீயும் நிவேதாவும் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுங்கள். இரண்டு தட்டு கேட்கும்.

அப்பா